கதிரவன் மாளிகையின் நிழல்

சூரியன் யாருக்கும் சொந்தமில்லை. அரசனுக்கும் ஆண்டிக்கும் அது ஒரே ஒளியைத்தான் தருகிறது. ஆள் பார்த்து அடிப்பதில்லை. எந்தக் கூரையின் மேலும் அதற்குத் தனிப் பாசம் கிடையாது. இதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. தணிக்கையார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தன் வீட்டு மாடிக்கு வரும்போது அது கொஞ்சம் நிதானித்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிறது என்பது அவருடைய அபிப்பிராயம்.

ஆதாரம் அவர் கையிலேயே இருந்தது. செல்போனில் சோலார் ஆப்பைத் திறந்தால், இந்த நிமிடம் மாடியில் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறது என்று பச்சை நிறத்தில் ஓர் எண் வரும். பணியில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர்கள் எழுதிவைத்த எண்களைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர் அவர். தெரு முழுக்க அவரைத் தணிக்கையார் என்றே கூப்பிடுவதும் அதனால்தான். ஓய்வு பெற்ற பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் எண்ணை நம்பினார். பால்காரரிடம் காட்டினார், தபால்காரரிடம் காட்டினார், வழி கேட்க வந்தவரிடமும் காட்டிவிட்டுத்தான் வழி சொன்னார்.

காட்டுவதில் தனி ருசி எதிர்வீட்டுக்காரரிடம்தான் இருந்தது. எதிர்வீடு சம்பந்தி வீடு. தணிக்கையாரின் மகளைக் கட்டிக்கொடுத்தது தெருவுக்குக் குறுக்கே. பெண்ணை அனுப்பிவைத்துவிட்டு அம்மாக்காரி அழ ஆரம்பிப்பதற்குள், மறந்துவிட்டுப் போன சீப்பை எடுக்கப் பெண் திரும்பி வந்துவிட்டாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை; ஆண்டில் பாதி நாள் கடலில். எனவே எதிர்வீட்டில் இருப்பது மகளும் அவள் மாமனாரும். மாமனார் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகிவிட்டதாலோ என்னவோ, தன் வாயை அவர் அதிகம் திறப்பதில்லை.

இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே சோலார்காரர், ஒரே அளவு பேனல் மாட்டினார். ஆனால் ஆப்பில் தணிக்கையார் வீட்டு எண், டாக்டர் வீட்டு எண்ணைவிட எப்போதும் ஒரு படி அதிகம்.

"வெளிச்சம் பேனல் மேல விழுது சம்பந்தி," என்று தணிக்கையார் தன் மாடியில் டாக்டரை நிற்கவைத்து விளக்கினார். "விழுந்ததும் உள்ள சும்மா கிடக்கிற எலெக்ட்ரானையெல்லாம் தட்டி எழுப்பி, ஓடு ஓடுன்னு விரட்டுது. அந்த ஓட்டம்தான் கரண்ட். ஆனா அது ஒரே பக்கமா ஓடுற கரண்ட். நம்ம ஃபேனும் ஃப்ரிட்ஜும் அதைச் சீண்டாது. அதனால இன்வெர்ட்டர் அதை வாங்கி, வீட்டுக்கு ஒத்துவர மாதிரி முன்னயும் பின்னயும் ஆடவிட்டு அனுப்புது. வீடு சாப்பிட்டது போக மிச்சம் வெளியில லைனுக்குப் போயிடும், மீட்டர் அதை நம்ம பேர்ல வரவு வெச்சுக்கும். ராத்திரி நமக்கு வேணுங்கறப்போ லைன்ல இருந்து எடுத்துக்கறோம். புரியுதா?"

சோலார்காரர் இதைச் சொன்னபோது டாக்டரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இருந்தாலும், "ஓ," என்றார்.

"கரண்ட் கட் ஆனா சார்?" என்று அதே தெரு மளிகைக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"பேட்டரி வெக்காத சிஸ்டம் அப்போ தானா நின்னுடும்யா. நாம பாட்டுக்குக் கரண்டை வெளியில தள்ளிக்கிட்டிருந்தா, கம்பத்துல ஏறி வேலை பாக்கிறவன் கதி என்ன?"

"அப்போ உங்க வீட்லயும் இருட்டுதான்."

"உங்க வீட்ல இருக்கிறது இருட்டு. என் வீட்ல இருக்கிறது தியாகம்."

இவ்வளவு பெருமைக்கு ஒரு சின்னம் வேண்டாமா? மாடியின் முகப்பில், தெருவில் போகிற எல்லோர் கண்ணிலும் படும்படி, தணிக்கையார் ஓர் இரும்பு வளைவு எழுப்பினார். கீழே ஆள் உயர எழுத்தில் 'கதிரவன் மாளிகை'. அதற்கு மேல் வளையமாக ஒரு பெரிய வட்டம். வட்டத்தைச் சுற்றி ஈட்டி ஈட்டியாகக் கதிர்கள். மாளிகையில் மொத்தம் இரண்டு படுக்கையறை. அதில் ஒன்றில் பழைய பேப்பர்.

வளைவை நிறுத்துகிற அன்று சோலார்காரர் வந்திருந்தார். "சார், வெயில் வர்ற பக்கமா நிறுத்துறீங்க. பேனல் மேல நிழல் விழும். வரிசையில ஒண்ணு மேல நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் மந்தமாயிடும்," என்று சொல்லிப் பார்த்தார்.

"தம்பி," என்றார் தணிக்கையார். "இது சூரியன். சூரியனுக்கு ஏது நிழல்?"

சோலார்காரர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மீதிப் பணம் வந்துவிட்டது, எதற்கு வம்பு?

வளைவு வந்த பிறகும் தணிக்கையாரின் எண் இறங்கவில்லை. இறங்கியது டாக்டரின் எண், பாதிக்குப் பாதியாக. டாக்டர் கவலைப்பட்டார். சம்பந்தியிடம் யோசனை கேட்டார்.

"பராமரிப்பு சம்பந்தி, பராமரிப்பு! தூசி படிஞ்சா வெளிச்சம் எப்படி உள்ள போகும்? தேய்ங்க," என்றார் தணிக்கையார். தன் பேனல்களை அவர் ஒருநாளும் தேய்த்ததில்லை, முட்டி வலி.

டாக்டர் தேய்த்தார். தொழில் புத்தி போகுமா? மெல்லிய நாரில் நீளக் கைப்பிடிப் பிரஷ் ஒன்று வாங்கி, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மேல்வரிசை கீழ்வரிசை என்று வட்டம் வட்டமாகத் தேய்த்தார். இடுக்கு விடவில்லை. கடைசியில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கவும் வைத்தார். அவர் தேய்க்கத் தேய்க்கத் தணிக்கையாரின் எண் ஏறிக்கொண்டே போனது. தன் நல்ல மனசுக்குக் கிடைத்த பலன் என்று தணிக்கையார் எடுத்துக்கொண்டார்.

முதல் கரண்ட் பில் வர இன்னும் நாள் இருந்தது. அதுவரை ஆப் சொன்னதுதான் வேதவாக்கு.

இதில் உண்மையாக அடிபட்டவள் மகள். அவள் ரொட்டி சுடுகிறவள். சின்ன ஓவனில் சுட்டு அக்கம்பக்கம் விற்றுக்கொண்டிருந்தாள். கடைவீதி ஹோட்டல்காரர் ஒருவர் தினமும் சாயங்காலத்துக்கு ரொட்டி போடச் சொல்லி வலிய வந்து கேட்டார். அதற்காகப் பீரோ மாதிரி ஒரு கரண்ட் ஓவன் வாங்கிக் கூடத்தில் இறக்கிவைத்தாள். அவள் கணக்கு சரியான கணக்கு. ஓவன் எரிவது உச்சி வெயிலில், பேனல் பொங்குவதும் உச்சி வெயிலில். சூரியன் மேலே சமைக்க, அவள் கீழே சுடுவாள். ஆனால் டாக்டர் வீட்டுப் பேனல் பொங்கவில்லை, லேசாக முனகியது. லைனில் இருந்து வாங்கிச் சுட்டால் ரொட்டியில் மிஞ்சுவது தீய்ந்த ஓரம் மட்டும்தான்.

"உன் ஓவனுக்கு நம்ம கூரையால சோறு போட முடியாதும்மா," என்று டாக்டர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது. ஓவனைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை கடை வண்டி வருவதாக ஏற்பாடு. அதற்குள் ஹோட்டல்காரருக்கும் முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

மகள் அப்பாவிடம் வந்தாள். "அப்பா, ஒரே வெயில், ஒரே பேனல். உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு வருது?"

"அதுக்கெல்லாம் ஒரு முகராசி வேணும்மா."

"பேனலுக்கு முகம் பாக்கத் தெரியுமா?"

"உங்க மாமா நல்ல மனுஷன். ஆனா நல்ல மனுஷங்களுக்கு யூனிட் வராது."

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "அவர் கிட்ட எதுக்குடி கேக்குற, சூரியனையே கேளு. சூரியனும் இவர்கிட்ட கேட்டுத்தான் சொல்லும்," என்றாள்.

அதே ஞாயிறு தணிக்கையாருக்கும் பெரிய நாள். தெருச் சங்கத்தார் மதியம் அவர் மாடியில் கூடுகிறார்கள். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரேயடியாகச் சோலார் போடலாமா என்று பேச்சு. போடுவதானால் தலைமை ஆலோசகர் தணிக்கையார்தான். சோலார்காரரும் வருகிறார். அதற்குள் வளைவுக்குப் பொன் வண்ணம் பூசிவிட வேண்டும் என்று காலையிலேயே பெயிண்டர் வந்துவிட்டார். வட்டத்துக்கு முதல் பூச்சாகக் கறுப்பு அடித்து முடித்தார். கதிர்ப் பக்கம் நகர்ந்தவர் கீழே ஓடுகிற ஒயர்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதை அணைச்சாத்தான் சார் கை வெப்பேன். எனக்கும் குடும்பம் இருக்கு."

தணிக்கையார் மாடிப்படிச் சுவரில் இருந்த இன்வெர்ட்டரை அணைத்தார். பெட்டியில் விளக்கு போயிற்று. பெயிண்டர் டீ குடித்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். பழக்க தோஷத்தில் தணிக்கையார் ஆப்பைத் திறந்தார். கொஞ்சம் தாமதித்துத்தான் அது சொல்லும். சொன்னது.

எண் அப்படியே இருந்தது. அப்படியே கூட இல்லை, ஏறியிருந்தது.

அவருக்கு மெய்சிலிர்த்தது. கீழே ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார். "பாத்தியா! அணைச்சு வெச்சிருக்கேன். அப்பவும் உற்பத்தி ஆகுது!"

"அடுப்பை அணைச்சுட்டா தண்ணி கொதிக்குமாங்க?"

"இது வேற."

"என்ன வேற? போய் ஒழுங்காப் பாருங்க."

அவர் மறுபடி மாடி ஏறியபோது எதிர்மாடியில் டாக்டர் ஒரு கையில் பிரஷ்ஷும் மறுகையில் போனுமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி! என்னோடது செத்துப்போச்சு! முட்டை காட்டுது!"

தணிக்கையார் தன் போனைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். படிச்சுவருக்குப் போய் இன்வெர்ட்டரைப் போட்டார். அது கொஞ்சம் யோசித்து, முனகி, விளக்கை ஏற்றிக்கொண்டது.

"வந்துடுச்சு சம்பந்தி! வந்துடுச்சு!" என்று எதிர்மாடியில் ஆனந்தம். "பொழைச்சுக்கிச்சு!"

தணிக்கையார் மறுபடி அணைத்தார்.

"ஐயோ! போச்சு!"

மறுபடி போட்டார்.

"வந்துடுச்சு!"

இன்னும் ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் டாக்டருக்கு வயசாகிவிட்டது.

தணிக்கையார் படியில் உட்கார்ந்தார். ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் வேலை பார்த்த சோலார்காரர், எந்தப் பெட்டி எந்தப் போனில் என்பதை மாற்றிப் பதிந்துவிட்டிருக்கிறார். இத்தனை நாள் பால்காரரிடமும் தபால்காரரிடமும் காட்டியது டாக்டர் வீட்டு வெயில். டாக்டர் பார்த்துப் பார்த்துக் கண்கலங்கியது கதிரவன் மாளிகையின் வெயில். தேய்த்தது அவர், ஏறியது இவருக்கு. வளைவு வைத்தது இவர், இறங்கியது அவருக்கு. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் கணக்கில் இப்படி ஒன்று கிடைக்காதா என்று ஏங்கியவருக்கு, கடைசியில் கிடைத்தது சொந்த வீட்டில்.

பெயிண்டர் திரும்பி வந்து, "அடிக்கலாமா சார்?" என்றார்.

"வேணாம். நாளைக்கு வாப்பா."

சொல்லாமல் விட்டால் என்ன என்று அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்தார். யாருக்கும் தெரியாது. சோலார்காரரைத் தனியாகக் கூப்பிட்டு மெல்ல மாற்றச் சொல்லலாம். ஆனால் அப்போது தன் எண் பாதியாகி மல்லாந்துவிடும், தெருவே பார்க்கும். மாற்றாமல் விட்டால் எண் நிலைக்கும். ஆனால் ஓவன் போய்விடும். ஓவனோடு மகளின் ரொட்டியும் போய்விடும். அவர் மகளின் ரொட்டியை நினைத்தார், எண்ணை நினைத்தார், மறுபடி ரொட்டியை நினைத்தார். முடிவு எடுக்கவில்லை. குளித்துவிட்டு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார்.

மதியம் சங்கத்தார் வந்து நாற்காலி நிறைந்தது. சோலார்காரர் ஓரமாக நின்றார். தணிக்கையார் எழுந்து, கூரையில் பேனல் இருந்தால் பில் இளைக்கும், மொட்டை மாடிச் சூடு கீழே இறங்காது, பகலில் மோட்டார் போடலாம், துணி துவைக்கலாம் என்று அடுக்கினார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஆனால் குரலில் வழக்கமான நெய் இல்லை.

அப்போது டாக்டர் எழுந்தார். எல்லோரும் ஆச்சரியமாகத் திரும்பினார்கள்.

"எனக்கு ஒரு விண்ணப்பம்," என்றார் டாக்டர். "என் கூரைக்கு ராசி இல்ல. என் பேனலைக் கழட்டிச் சம்பந்தி வீட்டு மாடியிலயே மாட்டிடுங்க. நல்ல இடத்துல இருந்தா அதுங்களாவது நல்லா இருக்கும்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அதே நேரம் கீழே தெருவில் கடை வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் எதிர்வீட்டுக்குள் போய், பீரோ மாதிரி ஓவனை அலுங்காமல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பின்னால் மகள் வந்தாள். அழவில்லை. ஓவனின் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவிடப் போகிறவள் மாதிரி.

"நிறுத்துங்கடா!" என்று தணிக்கையார் மாடியிலிருந்து அலறினார்.

தெரு நின்றது. கூட்டமும் நின்றது. இப்போது ஏதாவது சொல்லியாக வேண்டும். உண்மை தொண்டை வரை வந்தது. வந்த இடத்தில் உத்தியோகம் குறுக்கே நின்றது.

"இது," என்று தொண்டையைச் செருமினார் தணிக்கையார், "ஒரு தணிக்கை."

"என்னது?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"சோதனை. ஆரம்பத்துலயே ரெண்டு போனையும் நான் மாத்திப் பதியச் சொன்னேன். என் போன்ல தெரியறது சம்பந்தி வீட்டு உற்பத்தி. அவர் போன்ல தெரியறது என்னோடது. பராமரிச்சா என்ன ஆகும், பராமரிக்கலைன்னா என்ன ஆகும்னு தெருவுக்குக் காட்டணும்னு… வேணும்னே…" அவர் சோலார்காரரைப் பார்த்தார். "நான் சொன்னேனா இல்லையா?"

சோலார்காரர் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. பிறகு பயம் வந்தது. தன் தப்புக்கு இப்படி ஒரு குடை விரிகிறது என்று புரிந்ததும் பெரிய நிம்மதி வந்தது. "ஆமா ஆமா! சார் சொல்லித்தான்! வேணாம் சார்னு கூடச் சொன்னேன்!"

கைத்தட்டல் எழுந்தது. டாக்டர் தணிக்கையாரின் கையைப் பிடித்துக்கொண்டார், கண் ஈரமாகியிருந்தது. "எனக்காகவா சம்பந்தி? நான் ஒழுங்காத் தேய்க்கிறேனான்னு பாக்கவா?"

தணிக்கையாருக்கு அந்தக் கண்ணீர்தான் தாங்க முடியவில்லை. "ரொம்ப நல்லாத் தேய்ச்சீங்க," என்றார். அது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

மகள் மாடி ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கினாள். அப்பாவின் காதையே பார்த்தாள். பொய் சொல்லும்போது அவருடைய இடது காது லேசாகச் சிவக்கும். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது, அவருக்குத் தவிர.

"அப்போ எங்க வீட்டு நிஜ எண் உங்க போன்ல இருக்கிறதுதானே அப்பா?"

"ஆமாம்மா."

"ஓவன் ஓடுமா?"

"ஓடும்மா. ஓடிட்டு மிச்சமும் இருக்கும்."

அவள் கைப்பிடிச்சுவர் பக்கம் போய்க் கீழே குனிந்து, "அண்ணே, திரும்ப உள்ள கொண்டுபோய் வெச்சுடுங்க!" என்றாள். ஓவனைத் தூக்கியிருந்தவர்கள் மாடியைப் பார்த்து ஏதோ சொன்னார்கள். நல்லவேளை, இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை.

பிறகு அவள் திரும்பி, தேன் தடவிய குரலில் கேட்டாள். "அப்பா, உங்க நிஜ எண் ஏன் இவ்வளவு கம்மி? தூசி மட்டும்தானா?"

கூட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பியது. உச்சி தாண்டிய வெயிலில் 'கதிரவன் மாளிகை' என்ற எழுத்துகள் முன்வரிசைப் பேனல்கள் மேல் கறுப்பாகப் படுத்திருந்தன. யாரும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். கதிர்களின் நிழல் பின்வரிசையைக் கீறிக்கொண்டிருந்தது.

"நிழல்," என்றார் தணிக்கையார். "அதுவும் சோதனையில சேர்த்திதான். நிழல் விழுந்தா வரிசையே படுத்துடும்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு வேணும்னே நிறுத்தினேன்."

"அடேங்கப்பா," என்றாள் அவர் மனைவி, படி வாசலில் இருந்து. "இதையும் வேணும்னேதான் செஞ்சீங்களா."

"அருமையான சோதனை அப்பா," என்றாள் மகள். "இப்போதான் முடிஞ்சுடுச்சே. இனிமே வளைவைக் கழட்டிடலாம் இல்ல?"

தணிக்கையார் வாயைத் திறந்தார். டாக்டர் பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

தெரு முழுக்கச் சோலார் வந்தது. எல்லா மாடியிலும் சாயங்காலம் பிரஷ் சத்தம் கேட்கிறது. மகளின் ஓவன் உச்சி வெயிலில் ஓடுகிறது. ஹோட்டல்காரர் தினமும் ஆள் அனுப்பி ரொட்டி எடுத்துப் போகிறார். முதல் பில்லைப் பார்த்து டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார், நோயாளிகள் பயந்துபோனார்கள். இரண்டு போனும் சரியாகப் பதியப்பட்டுவிட்டன. தலைமை ஆலோசகர் பதவி தணிக்கையாருக்குத்தான். யாருடைய மாடியில் எது நிழல் போடும் என்று அவர் இப்போது ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அதில் ஆளைத் தோற்கடிக்க முடியாது.

வளைவை மொத்தமாகக் கழற்ற மனசு வரவில்லை. முன்வரிசைக்காக எழுத்துகளை அறுத்தார். பின்வரிசைக்காகக் கதிர்களை அறுத்தார். இரண்டு தடவையும் எண் ஏறியது. இரண்டு தடவையும் மனைவியிடம் ஓடிப்போய்க் காட்டினார். வட்டத்தின் நிழல் மட்டும் பேனலைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்ததால் அது தப்பித்தது. பொன் வண்ணம் அடிக்கப் பெயிண்டரை மறுபடி கூப்பிடவில்லை.

போன வாரம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, மாடியில் டயர் மாதிரி நிற்கிற கறுப்பு வட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பின்சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டணும் என்றார். தணிக்கையார் வீட்டில் பம்பு இருந்தது. காற்று மட்டும் அடித்துக்கொடுத்தார்.